காலி வளை

திரையே இல்லாத திரையரங்கில் இருநூறு பிள்ளைகள் நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உளத்திரை வந்த பிறகு படம் அவரவர் தலைக்குள்தான் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு நடுவே அறுபது தாண்டிய ஜெனோவாவும் பட்டையைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் மகள் ஆக்னஸ்.

ஓடப் போவது ஜெனோவா எழுதி வரைந்த புத்தகம். பன்னிரண்டே பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. அப்பா நண்டு இரை தேடிக் கடலுக்குள் போகிறது. குட்டி நண்டு வளை வாசலில் காத்திருக்கிறது. அலை வருகிறது, போகிறது, அப்பா வரவில்லை. கடைசிப் பக்கத்தில் காலி வளையை விட்டுவிட்டு, குட்டி நண்டு தனக்கென்று ஒரு வளை தோண்டத் தொடங்குகிறது. வள்ளத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குள் போன கணவன் சூசை திரும்பாத வருடம், ஐந்து வயது ஆக்னஸுக்காக வரைந்தது. பிறகு அந்தக் கடற்கரை ஊர்களில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் படித்துக் காட்டினார்கள்.

படமெடுக்கக் கேட்டு வந்தவர்களை முப்பது வருடமாக அவள் விரட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கடைசிப் பக்கத்தில்தான் கைவைத்தார்கள். பிஞ்சு மனசு தாங்காது என்றார்கள். "செத்தவன் வருவான்னு பொய் சொன்னா மட்டும் தாங்குமாக்கும்?" என்று கேட்டு வாசலைக் காட்டிவிடுவாள். உளத்திரைக்காரர்கள் மட்டும் அவள் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு அவள் சரி என்றால்தான் படம் பள்ளிகளுக்குப் போகும். "பாக்கறவங்களுக்குத் தகுந்தாப்ல படம் கொஞ்சம் நெகிழும் மேடம்," என்று பொறியாளர் நிரஞ்சன் சொல்லியிருந்தான். வண்ணமும் வேகமும் கூடிக் குறையும் போலிருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

படம் ஓடியது. அவள் மணல், அவள் வரைந்த அதே நீலம். அலை வந்தது, போனது. யாரும் வரவில்லை. குட்டி நண்டு ஈர மணலில் காலை ஊன்றித் தோண்டியது. ஒரு கோடு மாறவில்லை. ஜெனோவாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு கூட்டமாவது தன்னைப் புரிந்துகொண்டதே என்று நெஞ்சு நிறைந்துபோய்ப் பட்டையைக் கழற்றினாள்.

பிள்ளைகள் நாற்காலி மேலேறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். சென்ற புயலில் தகப்பனை இழந்த ஒரு சிறுமி, தன் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா நண்டு வந்துட்டும்மா. நம்ம அப்பா மாதிரியே சிரிச்சுது. நாளைக்கும் கூட்டிட்டு வா." அம்மாக்காரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி சரி என்றாள்.

ஜெனோவா நேரே நிரஞ்சனின் அறைக்குப் போனாள்.

"எனக்கு ஒண்ணக் காட்டிட்டு, பிள்ளைகளுக்கு வேற ஒண்ணக் காட்டிருக்கிய. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டிய."

"ஐயோ, இல்ல மேடம். நாங்க முடிவே வைக்கல. கடைசிப் பக்கத்த மட்டும் காலியா விட்டுட்டோம். பாக்கறவங்க மனசு எதுக்கு ஏங்குதோ, அதப் பட்டை படிச்சு வரைஞ்சுக்கும்."

"அப்போ எனக்கு மட்டும் எப்படி உள்ளது உள்ளபடி வந்துது?"

"உங்களுக்கு யாரும் வரலையா?" நிரஞ்சன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "அதுக்கு உண்மை பொய்யெல்லாம் தெரியாது மேடம். ஆசை மட்டுந்தான் தெரியும்."

செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது அவளுக்கு. சூசை வீட்டிலிருந்த நாட்களில் அவள் நிம்மதியாகத் தூரிகையைத் தொட்டதில்லை. தொட்டபோதெல்லாம் அடிதான் விழுந்தது. வள்ளம் திரும்பாது என்று ஊர் முடிவுகட்டிய அன்று எல்லோரோடும் சேர்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றிரவு பயமில்லாமல் தூங்கினாள். எழுந்ததும் வரைய உட்கார்ந்தாள். அவன் வரவே கூடாது என்ற தன் ஆசையைத்தான் உண்மை என்று இத்தனை வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். படம் பார்த்துத் தான் அழுதது எந்தக் குட்டி நண்டுக்காக என்று நினைக்கவே கூசியது.

இருந்தாலும் அந்தச் சிறுமியின் முகம் கண்ணில் நின்றது. நாளைக்கும் வருவாள், மறுநாளும் வருவாள், கடைசிவரை தனக்கென்று ஒரு வளை தோண்டமாட்டாள். "இந்தப் படம் வெளியே போகக்கூடாது," என்றாள் ஜெனோவா.

"ஏம்மா?" ஆக்னஸ் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். இப்போதுதான் வந்திருந்தாள். பட்டையை இன்னும் கழற்றவில்லை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "எனக்கு அப்பா வந்தாவம்மா. என்னத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுக் கரையெல்லாம் நடந்தாவ. அவுக முகமே எனக்கு மறந்து போயிருந்துது. அப்படிப் பாத்த பெறகு வேண்டாம்னு சொல்ல ஒனக்கு எப்படி மனசு வருது?"

ஜெனோவா மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒனக்கு வரலியாம்மா?"

நிரஞ்சன் மேசையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

"வந்தாவட்டி," என்றாள் ஜெனோவா. "எனக்கும் வந்தாவ."

ஆக்னஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகளின் தோளுக்கு மேலாக ஜெனோவா நிரஞ்சனைப் பார்த்து, சரி என்று தலையசைத்தாள்.