கிருசாந்தினிக்கு ஓர் இடக்கை

டிலுசாவுக்கு அன்று காலைச் சாப்பாடே இறங்கவில்லை. கிற்றார் வகுப்பின் ஐந்தாம் பயிற்சியைத் தடங்காமல் வாசிப்பவர்களை வவுனியாவில் நடக்கும் கிற்றார் விழாவுக்குக் கூட்டிப்போவதாக ராஜினி ரீச்சர் சொல்லியிருந்தார். இன்றுதான் சோதனை!

பெருவிரல் தடித்த தந்தியை மீட்ட, மற்ற மூன்று விரல்களும் மெல்லிய தந்திகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவேண்டும். டிலுசா நித்திரையிலும் போர்வையை மீட்டிக்கொண்டு கிடந்தாள்.

வவுனியா பஸ் பிந்தியதால் ரீச்சரும் வகுப்பு நடக்கும் மாதா கோயில் மண்டபத்துக்குப் பிந்தித்தான் வந்தார். அதே பஸ்ஸில் மதியம் திரும்பவும் வேண்டும். மற்றப் பிள்ளைகள் வாசித்து முடித்துவிட்டார்கள். மிஞ்சியது டிலுசாவும் அவளுடைய சிநேகிதி கிருசாந்தினியும்.

கிருசாந்தினியின் இடக்கையில் பெரிய கட்டு!

"என்னடி இது?"

"விடிய அப்பாவோட வலையில நண்டு கழட்டினனான். அது சும்மா விடுமே? ஒரே கடி! ஒரு தந்தியும் அமத்தேலாது."

"பாவம் பிள்ளை, அடுத்த முறை பாப்பம்" என்றார் ரீச்சர். "டிலுசா, நீர் வாரும்."

டிலுசா கிற்றாரைத் தூக்கினாள். ஓரமாக இருந்த கிருசாந்தினியின் வலக்கை விரல்கள் பாவாடைமேல் ஐந்தாம் பயிற்சியை ஓசையில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தன. அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது.

'மாதாவே, இவள் இப்படி இருக்க நான் எப்படி வாசிப்பேன்?' என்று நினைத்தாள் டிலுசா. அப்போதுதான் ஒரு யோசனை பளிச்சென்று பட்டது.

"ரீச்சர், இந்தப் பயிற்சி எந்தக் கைக்கு?"

"வலக்கை விரலுகளுக்கு. ஏன்?"

"அவளின்ர வலக்கையை நண்டு கடிக்கேல்லையே! இடக்கை நான் குடுக்கிறன்."

"தலை வேணுமெண்டா நான் தாறன்!" என்று கத்தினான், வாசித்து முடித்து உட்கார்ந்திருந்த அஜந்தன். மண்டபமே சிரித்தது.

ரீச்சர் மணியைப் பார்த்தார். "பிறகு உமக்கு நேரம் காணாதே."

டிலுசா கிற்றாரைச் சிநேகிதியிடம் நீட்டினாள். "பரவாயில்லை ரீச்சர். அவள் வாசிக்கட்டும்."

கிருசாந்தினி கிற்றாரை மடியில் வைத்தாள். டிலுசா பின்னால் ஒட்டி உட்கார்ந்து இடக்கையை நீட்டித் தந்திகளை அமுக்கினாள். மூன்றாம் வரியிலேயே, கர்ர்ர்!

"விரல் மாத்தேக்குள்ள சொல்லடி!" என்றாள் டிலுசா.

"எப்பிடிச் சொல்றது? நான் எண்ணிக்கொண்டெல்லோ இருக்கிறன்!"

டிலுசா யோசித்தாள். மறுபடி தொடங்கும்போது தலையைச் சாய்த்து நாடியைச் சிநேகிதியின் தோளில் வைத்தாள். ஒவ்வொரு வரி தொடங்குமுன்னும் கிருசாந்தினி மூச்சை இழுப்பது தெரிந்தது. மூச்சு வரும்போது விரலை மாற்றினாள். ஆகா! இசை தடங்காமல் ஓடியது. ஆனால் கிருசாந்தினியின் பின்னல் மூக்கைக் கிச்சுக்கிச்சு மூட்டியது. டிலுசா பல்லைக் கடித்தாள். கடைசித் தந்தி ஒலித்தது.

"ஹச்ச்!"

"தும்மலுக்கும் சேர்த்துப் பத்துக்குப் பத்துப் புள்ளி!" என்று கைதட்டினார் ரீச்சர். "கிருசாந்தினியும் வவுனியாவுக்கு வாறா!"

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. ரீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டிலுசா சிரித்தாள். ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி நிக்கிறாய்? ஓடிவா!" கிருசாந்தினி கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை மறித்தாள். "அண்ணை, அண்ணை! ஒரேயொரு பயிற்சி! முடியுமட்டும் நில்லுங்கோ!"

"இதென்ன, கலியாண வீடோ?" என்றார் நடத்துநர்.

சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். "இருக்கட்டும். வாசியுங்கோ, பிள்ளை."

டிலுசா மிதிபலகையில் அமர்ந்தாள். கிற்றாரை வாங்கி மடியில் வைத்தாள். கிருசாந்தினி காதருகே மெல்ல மூச்சை இழுத்துக் காட்டினாள். அவ்வளவுதான்! விரல்கள் கரைக்கு ஓடிவரும் அலைபோல ஓடின. ஓரிடத்திலும் தடங்கவில்லை.

பஸ் முழுவதும் கைதட்டியது. யன்னலால் எட்டிப் பார்த்த ரீச்சர், "டிலுசாவும் வாறா!" என்று கூவினார்.

கிருசாந்தினியும் பலமாகக் கைதட்டி, "ஐயோ, என்ர விரல்!" என்று அலறி, பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ் போய் வெகுநேரமாகியும் அந்த வீதியில் புழுதி அடங்கவில்லை. இரண்டு பேரும் அப்படித் துள்ளினார்கள்.