இருபத்தெட்டு வோல்ட் எங்கே போனது?

காலை 7.40. லாரியின் இரண்டு பேட்டரிகளும் செத்துக் கிடந்தன. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

9.00. தம்பி கூப்பிட்டு அக்கா வந்து இறங்கினாள். ஊரில் பாதி வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கும் எலெக்ட்ரீஷியன். கையில் மீட்டர், மூக்கின் மேல் கோபம். கேட்டுக்குப் புதுப் பச்சை பெயிண்ட். தாழ்ப்பாளைக் கழற்றி, அடியிலும் அடித்து, மறுபடி பூட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்துத் தம்பி மனைவியை மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

உள்ளே, ராணுவம் கழித்துப்போட்ட கிழட்டு லாரி. தம்பி மரம் ஏற்றிப் பிழைப்பது அதில்தான். அதன் மேல் அவனுக்கு உயிர். பதினொரு மணிக்கு அதை வாங்க ஆள் வருகிறான்.

"நிஜமாவே விக்கப் போறியா?"

"வேற வழி? முதுகுவலிக்குப் பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தேன். அன்னைக்கிலருந்து சார்ஜ் ஏறல. புது பேட்டரியும் படுத்துடுச்சு." குரலைத் தாழ்த்தினான். "இவதான் ஏதோ பண்ணியிருக்கா. இந்த வண்டியைச் சக்களத்தின்னுதான் சொல்லுவா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "உளறாதே. பெல்ட்?"

"டைட்டா இருக்கு."

"எர்த் வயர்?"

"பாத்துட்டேன். போல்ட் அசையல."

9.40. அக்கா கொண்டுவந்த பேட்டரிகளில் எஞ்சின் கிளம்பியது. கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் மீட்டரை வைத்தாள்: 28 வோல்ட். பேட்டரியில்: 24.

"கரண்ட் பிறக்குது, வீடு வந்து சேரல," என்றாள். அங்கிருந்து பேட்டரிக்குப் போகும் சிவப்பு கேபிளை முனைக்கு முனை சோதித்தாள். குறையில்லை.

10.15. விசாரணை அடுப்படியில் நடந்தது.

"ஏம்மா, அவன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப வண்டிகிட்ட போனியா?"

"எனக்கென்ன வேலை அங்க, அண்ணி? கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சேன். 'நல்லாருக்கு'ன்னாரு. அத்தோட சரி."

முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை.

10.30. ஆல்டர்னேட்டர் ரப்பர் மேல் உட்கார்ந்திருந்தது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. கரண்ட் திரும்பி வர, ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, போகும் அந்த ஒரு எர்த் வயர்தான் வழி. அக்கா அதன் போல்ட்டைக் கழற்றினாள். அடியில் இரும்பைக் காணோம், வழவழவென்று பச்சை.

"போல்ட் இறுக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா பெயிண்ட் மேல இறுகியிருந்தா கரண்ட் எப்படிடா போகும்? மத்தவங்க போல்ட்டோட சேத்து மேலாக அடிப்பாங்க. கழட்டி அடியில அடிக்கிற ஆள் இந்த வீட்ல ஒருத்திதான்."

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!"

வாசலில் நின்றவளுக்குக் கண் கலங்கியது. "ஆமா, நான்தான். நீங்க வந்து பாத்து சந்தோஷப்படட்டுமேன்னு நாலு நாள் உக்காந்து அடிச்சேன். தினமும் பானெட்டைத் திறந்து மூடுறீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா? அந்தக் கோவத்துலதான் அண்ணிகிட்டயும் சொல்லல."

அவன் எஞ்சினைப் பார்த்தான். வண்டியின் அதே பச்சைதான். ஆனால் ஒவ்வொரு கிளிப்பும், ஒவ்வொரு திருகும் புத்தம்புதிதாக இருந்தன.

"குத்தவாளி ரெண்டு பேர். அடியில அடிச்சவ ஒருத்தி, அதைப் பாக்காதவன் ஒருத்தன்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அக்கா உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி வயரைப் பூட்டினாள். எஞ்சின் ஓடியது. பேட்டரியில் 28.

10.58. வெளியே ஹாரன் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பி மனைவியே போனாள்.

"வண்டி விக்கிறதுக்கில்லைங்க."

"வீட்டுக்காரர்தான் வரச் சொன்னாரு. அவரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எஞ்சினுக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன்.

"அவருக்கு இப்ப வேலை இருக்கு," என்றாள்.