மாமனாரைச் சுட்டது எது?

காலை பதினொன்று பத்துக்கு அந்த அலறல் கேட்டபோது ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர்.

முதலாமவர், இன்ஸ்பெக்டர். கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்னின் மேல் உட்கார்ந்திருந்தார். அதாவது, உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

இரண்டாமவர், அவருடைய மாமனார். சாய்மானம் உள்ள ஒரே நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு.

மூன்றாமவர், மெக்கானிக். தடுப்புக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, புது ஸ்ப்ரிங்குக்கு மேலே வைக்கிற குழாய்த் துண்டை அறுத்துக்கொண்டிருந்தார்.

நான்காமவர், மெக்கானிக்கின் மனைவி. முன்பக்கக் கவுன்ட்டரில், உதிரிபாக டப்பாக்களுக்கு நடுவில்.

எல்லோருக்கும் மத்தியில் இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிள்.

டங்!

"ஐயோ... கொன்னுட்டாங்க!"

மெக்கானிக்கின் மனைவிதான் முதலில் ஓடிவந்தாள்.

மாமனார் தரையில் கிடந்தார். வெள்ளைச் சட்டையில் சிவப்பு. தலையில் ஒரு கோலிக்குண்டு அளவு வீக்கம். அது அவள் பார்க்கப் பார்க்கவே வளர்ந்தது!

இன்ஸ்பெக்டரின் கையில் ரிவால்வர்.

"யாரும் அசையாதீங்க! ஜன்னல் வழியா எவனோ சுட்டுட்டான். குறி எனக்கு... பட்டது மாமாவுக்கு!"

மெக்கானிக் ரம்பத்தோடு எட்டிப் பார்த்தார்.

"துப்பாக்கின்னா டமால்னுல்ல சார் கேக்கும்? இது டங்குன்னு கேட்டுச்சே?"

"சைலன்சர் மாட்டியிருப்பான்யா!"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மாமனார், மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி மூத்த மகன் வீடு. பஸ் என்றால் அவருக்குத் தலை சுற்றும். கார் என்றால் குமட்டும். மோட்டார் சைக்கிள் என்றால் சம்மதம்... ஆனால் இந்த மோட்டார் சைக்கிள் அல்ல.

"பிரேக் புடிச்சா உங்க வண்டி அப்படியே குப்புற விழுந்து கும்பிடுது மாப்ளே. என் தாடை உங்க மண்டையில இடிக்குது. முன்னாடி ஸ்ப்ரிங்கை மாத்துங்க. மறுநாளே கிளம்பிடறேன்."

மறுநாளே! இன்ஸ்பெக்டர் அன்றே கெட்டியான புது ஸ்ப்ரிங் ஜோடிக்குச் சொல்லி வைத்தார். இன்று வேலை முடிந்தால் நாளை காலை ஆறு மணிக்குப் பயணம். வீடு காலி!

இந்த நிலைமையில்தான் மாமனார் தரையில் கிடக்கிறார்.

மெக்கானிக்கின் மனைவி குனிந்து அந்தச் சிவப்பை விரலால் தொட்டாள். மோந்து பார்த்தாள்.

"ரத்தம் இல்லைங்க. வண்டியோட ஃபோர்க் ஆயில்."

மாமனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அப்ப நான் சாகலையா?"

"இல்லீங்கய்யா."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. அவசரமில்லே."

அவள் நாற்காலிக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்தாள். கனமான இரும்பு மூடி. எல்லோரும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களில் இடதுபக்கத்ததன் உச்சியில் மூடி இல்லை! பழைய ஸ்ப்ரிங் மட்டும் வெளியே தலையை நீட்டிக்கொண்டு, ஆயில் சொட்டச் சொட்ட, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ரிவால்வரை உள்ளே வைத்தார். விலங்கை வெளியே எடுத்தார்.

"யோவ் மெக்கானிக்! மூடியை அரைகுறையாக் கழட்டி வச்சிட்டு உள்ள போயிட்டியா? கொலை முயற்சி! நடய்யா ஸ்டேஷனுக்கு!"

"சார், நான் இன்னும் மூடிக்கே வரலை!" மெக்கானிக் ரம்பத்தைக் கீழே போட்டார். "ஜாக்கி வச்சு முன்சக்கரத்தைத் தூக்கினப்புறம்தான் மூடியில கை வைப்பேன். சக்கரம் தரையில இருந்தா வண்டியோட பாரம் ஸ்ப்ரிங்கை அமுக்கிட்டு இருக்கும். அப்பக் கழட்டினா ராக்கெட்தான்! இப்பப் பாருங்க, சக்கரம் தரையில இருக்கு!"

"கதை விடாதே. நீ கழட்டலைங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இருக்கு" என்றாள் மனைவி.

சுவரில் தொங்கிய பாக்ஸ் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

"இந்த மூடியோட பட்டை உசரம் கம்மி சார். சாதா ஸ்பேனர் வழுக்கும். அதனால இவரு இதோட வாயை அரத்தால ராவி ராவி மட்டமாக்கி வச்சிருக்காரு. இதால கழட்டின எந்த மூடியிலயும் கீறல் விழுந்தது கிடையாது. இதைப் பாருங்க..."

மூடியைத் திருப்பிக் காட்டினாள். ஆறு முனையும் எலி கடித்த சோப்பு போல மழுங்கியிருந்தது.

"இது வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டுத் திருகின கோலம். அந்தச் சனியன் இந்த ஒர்க்‌ஷாப்லயே கிடையாது. கொண்டுவர்ற ஆளை இவரு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரு."

"அப்போ யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார் மாமனார்.

மெக்கானிக் பார்த்தார். அவர் மனைவி பார்த்தாள். மாமனார் இரண்டாவது கண்ணையும் திறந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டரின் காக்கிப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூ ஸ்பேனரின் கைப்பிடி எட்டிப் பார்த்தது!

அவர் கையை வைத்து மறைத்தார். ரொம்ப லேட்.

"இல்ல மாமா... குழாய் அறுக்க இவ்ளோ நேரமான்னு... ஒரு பக்கத்தை நாமளே கழட்டி வச்சா சீக்கிரம் முடியுமேன்னு... நாளைக்கு நீங்க கிளம்பணுமே..."

"யாரு அவசரப்பட்டா மாப்ளே? நானா?"

விலங்கு மறுபடி உள்ளே போனது.

மாமனார் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து தாள், பேனா, உறை எடுத்தார். முப்பது வருஷம் கோர்ட்டில் தீர்ப்புகளைப் படியெடுத்த கை. மார்ஜின் விட்டு எழுதத் தொடங்கியது.

மெக்கானிக் வேலையை முடித்தார். முறைப்படி ஜாக்கி, முறைப்படி ஸ்பேனர், இரண்டு பக்கமும் புது ஸ்ப்ரிங், ஒரே அளவு ஆயில், புது மூடி. இன்ஸ்பெக்டர் முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்தார். வண்டி சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்றது.

அவர் முகத்தில் வெளிச்சம்!

"மாமா! இனிமே கும்பிடாது! நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்பிடலாமா?"

"மொதல்ல இதைப் படிங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார்.

'அன்புள்ள மூத்தவனுக்கு, இங்கு நலம். நலமறிய ஆவல். நாளை வருவதாக இருந்தேன். இன்று காலை பதினொன்று பத்துக்கு மாப்பிள்ளை என் தலையில் இரும்பு மூடியை ஏவிவிட்டார். நோக்கம், என்னைச் சீக்கிரம் அனுப்புவது. போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் போலீஸே அவர்தான். ஆகவே விசாரணையை நானே முடித்து, தீர்ப்பும் எழுதிவிட்டேன். ஆயுள் தண்டனை. இனி எப்போதும் அவர் வீட்டிலேயே இருப்பேன். அங்குள்ள என் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வரவும்.'

மாமனார் கடிதத்தை வாங்கி மடித்தார். உறையில் போட்டார். நாக்கால் நனைத்து, ஓரம் பிசகாமல் ஒட்டினார்.

"வழியில தபால் பெட்டி இருக்கு. வண்டியை எடுங்க மாப்ளே."

தபால் பெட்டி எதிரே இன்ஸ்பெக்டர் பிரேக் பிடித்தார். வண்டி தலைகுனியவில்லை. இன்ஸ்பெக்டர்தான் குனிந்தார்.

உறையைப் போட்டார். தொப்!

"மாமா... நன்னடத்தைக்குத் தண்டனைக் குறைப்பு ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் கிடையாது மாப்ளே. ஆனா, சிறைக்குள்ள சாப்பாடு நல்லா இருக்கணும். நாந்தானே சாப்பிடப் போறேன்!"