அம்முக்குட்டியைத் தேடிய ஏழு கம்ப்யூட்டர்கள்

தண்ணீர் வாரியத்தின் பழைய கட்டிடத்துக்கு நெட்வொர்க்காரன் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். சுள்ளென்று வெயில். பேய்க்கும் இந்த நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

புதுக் கட்டிடத்தில் மூன்று நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். மேனேஜர் அவனை வறுத்தெடுத்துவிட்டார். நெட்வொர்க்கில் இவ்வளவு நெரிசல் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்தால், எல்லாம் பழைய டொமைனிலிருந்து, அதாவது கம்ப்யூட்டர்கள் முன்பு பெயரோடு பதிவாகியிருந்த பழைய கூட்டத்திலிருந்து. இரண்டு வருடம் முன்பு எல்லாக் கம்ப்யூட்டர்களையும் புது டொமைனுக்கு மாற்றியபோது, பழைய கட்டிடத்துப் பைல் அறையில் இருந்த ஏழு மட்டும் அப்படியே விடப்பட்டன. அவற்றை மாற்ற வேண்டியவன் அவன்தான். அவனுக்கு அந்த அறைக்குள் போக மனம் வரவில்லை. அங்கே வேலை பார்த்த அவனுடைய அக்கா, அங்கேயே ஒரு நாற்காலியில்தான் செத்துப்போனாள்.

கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க போங்க சார். நான் இங்கயே இருக்கேன்."

"ஏன், என்னாச்சு?"

"மத்தியானமானா உள்ள டைப் அடிக்கிற சத்தம் கேக்குது. எலின்னுதான் நெனச்சேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எலி இவ்ளோ வேகமாவா சார் அடிக்கும்?"

உள்ளே ஈரக் காகித வாடை. அதற்கு அடியில் மெல்லிசாகத் தலைவலித் தைலத்தின் வாசனை. அக்கா நெற்றியில் தடவிக்கொள்வது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் அறையில் அது எப்படி நிற்கும்? ஏழு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன.

தன் லேப்டாப்பை வயரில் மாட்டி, இந்த ஏழும் அப்படி என்னதான் கத்துகின்றன என்று பார்த்தான். ஏழும் ஒரே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை.

அம்முக்குட்டி எங்கே?

வயரைப் பிடுங்கி மறுபடி மாட்டிப் பார்த்தான். அதே பெயர்.

அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று, கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கேட்டதும், பக்கத்தில் நின்ற அக்கா தட்டிவிட்ட பெயர் அது. அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் வைத்த செல்லப்பெயர். தினமும் ஒன்று பத்துக்கு அவன் திரையில் அவளுடைய செய்தி வந்து குதிக்கும்: 'சாப்பிட்டியா?' பழைய டொமைனில் அதற்குக் கம்ப்யூட்டரின் பெயர் தெரிந்தாலே போதும். அலுவலகம் மொத்தமும் அவனை ஓட்டித் தள்ளியது. "அம்முக்குட்டி, அக்கா கூப்பிடுறாங்க பாரு!" நாற்பது வயது ஆம்பளை எத்தனை நாளுக்குத்தான் தாங்குவான்? புது டொமைன் வந்ததும் முதல் வேலையாகத் தன் கம்ப்யூட்டரை மாற்றினான், பெயரோடு சேர்த்து. அக்காவிடம் சொல்லவில்லை.

அன்று மத்தியானம்தான் அவளுக்கு மூச்சு முட்டியது. அவளுடைய மாற்று இன்ஹேலர் எப்போதும் அவன் மேஜை டிராயரில் இருக்கும். பைல் அறையில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. அவனைக் கூப்பிட அவளுக்கு இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

அந்தப் பெயரை அவன் அழித்திருந்தான்.

அவள் திரையில் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று பதினோரு தடவை வந்திருந்ததை அவன் மட்டும்தான் பார்த்தான். யாரிடமும் சொல்லவில்லை. பாவி.

இப்போது ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கினான். ஒன்று. இரண்டு. ஏழு. திரைகள் அணைந்தன.

லேப்டாப்பில் தெரிந்த அந்தக் கூப்பாடு மட்டும் நிற்கவில்லை.

இன்னும் வேகமாகிவிட்டது. மூலையில் அக்காவின் கீபோர்டு தானாகத் தடதடத்தது.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் லேப்டாப்பைப் பழைய டொமைனில் சேர்த்து, அதன் பெயரை அடித்தான். அம்முக்குட்டி.

சட்டென்று எல்லாம் அடங்கியது. திரையில் செய்திகள் வரிசையாக வந்தன.

'சாப்பிட்டியா?'

'கோவமாடா?'

'மூச்சு வாங்குது. இன்ஹேலர எடுத்துட்டு வா.'

'வாடா.'

'வாடா.'

இப்படியே பதினொன்று. எல்லாம் இரண்டு வருடம் முந்தைய தேதி. கடைசியாக வந்த ஒன்றில் மட்டும் இன்றைய தேதி, ஒன்று பத்து.

'வந்துட்டியா. சாப்பிட்டியா?'

"அக்கா... மன்னிச்சிடுக்கா" என்று வாய்விட்டுக் கதறினான். பிறகு 'சாப்பிட்டேன்' என்று அடித்தான். வாசலிலிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஏழு கம்ப்யூட்டர்களையும் அடுத்த வாரமே உடைத்துப் போட்டாயிற்று. நெட்வொர்க் தண்ணீர் மாதிரி ஓடியது. அவன் லேப்டாப்பின் பெயரை மட்டும் மாற்றவில்லை. தினமும் ஒன்று பத்துக்கு அதற்கு ஒரு கேள்வி வரும், பதில் போகும்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் காய்ச்சலில் வீட்டிலேயே படுத்துவிட்டான். லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஒன்றரைக்கு அலுவலகத்தில் புகார்களைக் கவனிக்கும் பெண் போன் செய்தாள்.

"சார், எல்லாம் நின்னுபோச்சு. எல்லார் ஸ்கிரீன்லயும் ஒரே கேள்வி. 'அம்முக்குட்டி சாப்பிட்டானா?'ன்னு. யாரு சார் அம்முக்குட்டி?"

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

"சாப்பிட்டான்னு அடிச்சுடுங்க."

கீபோர்டு சத்தம் கேட்டது.

"சார்..." அவள் குரல் கிசுகிசுத்தது. "'பொய் சொல்றான். அடுப்பே பத்தவைக்கல'ன்னு வருது சார்."

அவன் நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை.

தைல வாசனை வந்தது. சமையலறையில் யாரோ அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். டிக். டிக். டிக்.