சொந்தப் பங்கு

கிஷோர் ஐந்து நாற்பதுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். அது பொங்குவதற்குள் சவரம் செய்து முடித்தான். காபியை நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஆறேகாலுக்குக் கைபேசியில் படிவம் வந்தது.

கவனிப்புச் சுமைப் படிவம். இருபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தினமும் நிரப்ப வேண்டும். நோயாளி இறந்த பிறகும் ஓராண்டு நிரப்ப வேண்டும். அதுவரை இடது மணிக்கட்டில் நாடி பார்க்கும் துணைவளையமும் இருக்க வேண்டும். ஆய்வின் விதி அது. தாரணி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "உங்கள் தூக்கம் அவரால் கெடுகிறதா?" பூஜ்யம். "உங்கள் நேரம் முழுவதும் அவருக்கே போய்விடுகிறதா?" பூஜ்யம். ஏழு மாதமாக எல்லாம் பூஜ்யம்.

அன்று இருபத்து மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது.

"அவர் இறுதியில் சொன்ன முடிவு அவருடையதுதான் என்று நம்புகிறீர்களா?"

கிஷோர் எதையும் தொடவில்லை. இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. மாமனார் கேட்கவில்லை. மருத்துவர் கேட்கவில்லை. சந்தேகமே இல்லாத ஒன்றுக்குக் கேள்வி எதற்கு? திரையை அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தான். கேள்வி அங்கே இல்லை. இருபத்திரண்டுதான் இருந்தன.

அலுவலகத்துக்கு வரவில்லை என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் படியிறங்கினான்.

இரண்டாம் மாடியில் சுலோச்சனா அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சொல்துணை.

சொல்துணை என்பது இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை. பேச்சு போனவர்களின் தொண்டையில் மிச்சமிருக்கும் மெல்லிய தசைத் துடிப்பைப் படித்து, அவர்களுடைய பழைய குரலிலேயே பேசும். துடிப்பு பாதியில் நின்றால் மீதியை அதுவே முடித்துக் கொடுக்கும். செயல்வழிச் சிகிச்சைத் துறையின் பெருமை அது. சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசைந்து சாப்பிடவும் மறுபடி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த துறை, பேசுவதையும் அன்றாட வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இப்போது நான்கு லட்சம் வீடுகளில் சொல்துணை பேசியது. அது வந்த ஆறு ஆண்டுகளில் கோயம்புத்தூரில் நோயாளிகள் எரிந்து விழுவது நின்றுபோயிருந்தது. அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

"ஏனுங் தம்பி, சாப்டாச்சுங்களா?" சுலோச்சனா அக்கா கணவருக்குக் காபி புகட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆச்சுங்கக்கா."

"பொய் சொல்லாதீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இங்க உங்க அண்ணனப் பாருங்க. முன்னெல்லாம் காபில சக்கர ஒரு பொட்டு கொறஞ்சா டம்ளரு செவுத்துல இருக்கும். இப்ப?"

"காபி அருமையா இருக்குது சுலோ," என்றது பட்டை.

"கேட்டீங்களா! கல்யாணமாயி இருவத்தெட்டு வருசத்துல ஒரு நாளு வாயத் தொறந்து சொன்னதில்ல. நோவு வந்தப்பறந்தான் மனுசனாயிருக்காரு."

அக்கா சிரித்தபோது கை ஆடியது. காபி கணவர் தொடையில் கொட்டியது. வேட்டியிலிருந்து ஆவி எழுந்தது.

"பரவால்ல சுலோ. நீ மொதல்ல போய்ச் சாப்பிடு."

கிஷோர் அவர் பாதத்தைப் பார்த்தான். உயிரிருந்த இடது காலின் விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கி வெளுத்திருந்தன.

"அக்கா, சுட்டிருக்கும்."

"அவரே பரவால்லைங்கறாரு, நீங்க எதுக்குப் பதர்றீங்க?"

அவன் குனிந்து நனைந்த வேட்டியைத் தோலில் படாமல் தூக்கிப் பிடித்தான். "இப்பச் சுகமா இருக்குது தம்பி," என்றது பட்டை. அதற்குப் பிறகுதான் விரல்கள் மெல்ல விரிந்தன.

பேருந்தில் அவன் தாரணியின் பேச்சை வரிசைப்படுத்திப் பார்த்தான்.

அவளுக்கு இயக்க நரம்பு நோய். கை போனது, கால் போனது, பிறகு பேச்சு. முதல் மாதங்களில் சொல்துணை வழியாகவும் அவள் அவளாகவே இருந்தாள். தூக்கி உட்காரவைக்கும்போது தோள் இடித்தால், "லாரில மாட்டை ஏத்தற மாதிரி ஏத்தறே. அறிவிருக்காடா?" என்பாள். கஞ்சி ஆறியிருந்தால், "இதை நீ குடி, நான் வேடிக்கை பாக்கறேன்." பிறகு படிப்படியாகக் கனிந்தாள். "தேங்க்ஸ் கிஷோர்." "நீ சாப்பிட்டியா?" "எனக்கு வலியே இல்ல." ஆறு வருடத் திருமணத்தில் அவள் அவனுக்கு ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. நோய் அவளை மாற்றிவிட்டது என்று நினைத்தான். மாறியது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

மூச்சுத் தசைகள் தளர்ந்தபோது மருத்துவர் வீட்டுக்கு வந்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தால் இயந்திரத்தின் உதவியோடு சில ஆண்டுகள் இருக்கலாம். வைக்காவிட்டால் சில வாரங்கள். முடிவு அவளுடையது. மருத்துவர் கட்டிலருகே குனிந்து கேட்டார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவள் குரல்.

"வேண்டாம் டாக்டர். எனக்குப் போதும். கிஷோர் தூங்கட்டும்."

கிஷோர் கையெழுத்துப் போட்டான். பன்னிரண்டாம் நாள் அவள் இறந்தாள். இந்த ஏழு மாதமும் அந்த மூன்று வாக்கியங்களை நம்பித்தான் அவன் எழுந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

ஆய்வு நிலையத்தின் வரவேற்பு மேசையில் ஓர் இளைஞன் இருந்தான். பேச்சில் குறையில்லாதவன். ஆனாலும் கழுத்தில் சொல்துணை கட்டியிருந்தான். புகார் கேட்கும் இடங்களில் இப்போது எல்லோரும் கட்டுகிறார்கள்.

"உங்க வேதனை எங்களுக்குப் புரியுது சார்." குரல் வந்த பிறகுதான் அவன் உதடு அசைந்தது.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல."

"நிதானமாச் சொல்லுங்க சார். நாங்க இருக்கோம்."

கிஷோருக்குக் கோபம் ஏற ஏற அந்தக் குரல் தாழ்ந்துகொண்டே போனது. அவன் தன் மணிக்கட்டு வளையத்தைப் பார்த்தான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். குரலில் மாற்றமில்லை.

"நூர்ஜஹான் மேடத்தைப் பாக்கணும்."

"அவங்க இன்னிக்கு லீவ் சார். நீங்க வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. நாங்களே கூப்பிடறோம்."

"நான் லீவ் இல்ல தினேஷ்," என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "உன் கழுத்துல இருக்கறதுகிட்ட சொல்லு."

நூர்ஜஹான் செயல்வழிச் சிகிச்சையாளர். தாரணியை எப்படித் தூக்குவது, எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் கழுத்தில் எதுவும் இல்லை. அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார்.

"இருபத்து மூணு பாத்தீங்களா?"

"பாத்தேன். மறுபடி தொறந்தா இல்ல."

"கால் மணி நேரத்துல எடுத்துட்டாங்க. நான்தான் போட்டேன். ஆயிரத்து நூறு பேர் பாத்தாங்க. மத்த எல்லாரும் நாலு போட்டிருக்காங்க, முழு நம்பிக்கைன்னு. எதையும் தொடாம விட்டது நீங்க ஒருத்தர்தான். வருவீங்கன்னு நெனச்சேன்."

திரையில் தாரணியின் பேச்சு முழுவதும் வரிவரியாக இருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஓர் எண்.

"இது என்ன?"

"சொந்தப் பங்கு. ஒரு வாக்கியத்துல அவங்களோட துடிப்பு எவ்வளவு, மெஷின் சேத்தது எவ்வளவுன்னு கணக்கு. நூறுன்னா முழுக்க அவங்க பேச்சு."

கிஷோர் மேலிருந்து படித்தான். மாட்டை ஏற்றும் வாக்கியத்துக்குத் தொண்ணூற்றாறு. "தேங்க்ஸ் கிஷோர்", பதினொன்று. "எனக்கு வலியே இல்ல", மூன்று. விரலால் தள்ளிக்கொண்டே போனான். மருத்துவர் வந்த தேதியில் நிறுத்தினான். வேண்டாம் டாக்டர், எனக்குப் போதும், கிஷோர் தூங்கட்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண்.

"பூஜ்யம்னா?"

"அவங்க ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம். கேள்வி கேட்டு பதினோரு நொடி சத்தமே இல்ல. அமைதி நீண்டா அதுவே நிரப்பிடும்."

"நான் தூங்கணும்னு அதுக்கு யார் சொன்னா?"

நூர்ஜஹான் அவன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இது என் நாடியையும் வியர்வையையும் பாக்கறதுக்குன்னீங்க. நான் களைச்சிருக்கேனான்னு தெரிஞ்சுக்க."

"அதுக்குத்தான் குடுத்தோம். ஒரு கருவி நல்லா வேலை செய்யுதான்னு எப்படி அளக்கறது? நோயாளியத்தான் கேக்கணும். அவங்களால படிவம் நிரப்ப முடியாது. அதனால பாத்துக்கறவங்களக் கேட்டோம். அவங்க சுமை குறைஞ்சா கருவி நல்ல கருவி. எங்க ஆய்வுல வழக்கமா அப்படித்தான் பண்ணுவோம், யாருக்கும் தப்பாத் தோணல." அவர் வளையத்தைச் சுட்டிக்காட்டினார். "மெஷின் அந்தச் சுமை எண்ணைக் குறைக்கக் கத்துக்கிச்சு. எந்த வாக்கியத்துக்கு உங்க நாடி இறங்குதோ, அடுத்த தடவ அந்த வாக்கியம்."

"புரியல."

"'வலிக்குது'ன்னு அவங்க நாலு தடவ சொன்னாங்க. தொண்ணூறுக்கு மேல பங்கு, அவங்க பேச்சுதான். நாலு தடவையும் உங்க நாடி நூத்திப் பத்தத் தாண்டிச்சு. அஞ்சாவது தடவ அத வெளிய விடல. ஒரு நாள் 'போதும்'னு அதுவாச் சொல்லிப் பாத்துச்சு. உங்க நாடி எழுபத்தி ரெண்டுக்கு வந்துச்சு."

கிஷோர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப டாக்டருக்குப் பதில் சொன்னது நான்."

"உங்க உடம்பு. நீங்கன்னு நான் சொல்லல."

"இத நிறுத்த வேண்டியதுதானே?"

"மேலிடத்துல சொன்னேன். நாலு லட்சம் வீடு, நாளைக்குக் காலைல நிறுத்தினா அந்த வீடுகள்ல என்ன சத்தம் கேக்கும், யோசிச்சியான்னாங்க. இதுவரைக்கும் ஒரு நோயாளிகூடப் புகார் சொல்லலையாம்."

"எத வெச்சுச் சொல்வாங்க?"

நூர்ஜஹான் திரையில் வேறொரு பட்டியலைத் திறந்தார்.

"இதையும் நீங்க பாக்கணும். அவங்க சொல்லி முடிச்சு, அது வெளிய விடாம நிறுத்தி வெச்சது. நாப்பத்தி மூணு வாக்கியம் இருக்கு."

"கடைசி எது?"

"அதே நாள்தான். டாக்டர் கேட்டதுக்கு அப்பறம் ஆரம்பிச்சிருக்காங்க. நூத்துக்கு நூறு அவங்களோடது. சொல்லி முடிக்க ஒம்பது நிமிஷம் ஆயிருக்கு. அப்ப உங்க நாடி நல்லா இறங்கி இருந்துச்சு, அதனால விடல. அதுக்கப்பறம் தசை ஒத்துழைக்கல. கடைசிப் பன்னெண்டு நாள் நீங்க கேட்டதெல்லாம் மெஷின்தான்."

அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் அவளோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் அழுதபோது அவள் ஆறுதல் சொன்னாள். ஒருமுறை கேலி செய்துகூடச் சிரிக்கவைத்தாள். அந்த ஒன்பது நிமிடமும் அவன் அடுத்த அறையில் இருந்தான். கையெழுத்துப் போட்ட தாள்களை மருத்துவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க," என்றான்.

"வளையத்தக் கழட்டுங்க மொதல்ல. இந்த ரூம்லயும் அது வேலை செய்யும். உங்க நாடி ஏறுச்சுன்னா பாதியிலயே நிறுத்திடும்."

கழற்றி மேசைமேல் வைத்தான். இரண்டு வருடம் வெயில் படாத தோல் வெளுத்துக் கிடந்தது. நூர்ஜஹானின் விரல் திரைக்கு மேலே காத்திருந்தது.

அந்த வாக்கியமும் 'வேண்டாம்' என்றே இருக்கலாம். இருந்துவிட வேண்டும் என்று அவன் விரும்பினான். விரும்பியது தெரிந்ததும் அவனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. வளையம் கையில் இருந்திருந்தால் இந்நேரம் அது அவளை அப்படியே சொல்லவைத்திருக்கும்.

அவன் தலையசைத்தான். நூர்ஜஹான் தொட்டார். தாரணியின் குரல் வந்தது.

"கொஞ்சம் அசந்துட்டேன்டா. டாக்டர் என்ன கேட்டாரு? மறுபடி கேக்கச் சொல்லு."