எஃப்.சி.க்குக் கட்டும் துணி

செவ்வாய்க் கிரகத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது லேசுப்பட்ட காரியமல்ல. தலை பின்னி, கவசம் மாட்டி, கழுத்துப் பூட்டில் காற்று கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்ட பிறகுதான் தமயந்தி மகள் நிறைமதியை வெளியே விடுவாள்.

அன்று மாலை திரும்பி வந்த மகளின் கவசம் முழுக்க வாந்தி. பள்ளி வண்டி சரிவில் பிரேக் பிடிக்காமல் ஓடி, மணல்மேட்டில் முட்டி நின்றதாம். பயத்தில் பிள்ளைகள் கக்கிவிட்டார்கள். வெளியே கவசத்தைக் கழற்றினால் உயிர் போய்விடும். வீடு வந்து சேரும்வரை அதை முகத்திலேயே சுமந்திருக்கிறாள் குழந்தை. தமயந்தி அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நேரே வண்டிக் கொட்டகைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். புகைக்குழாய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் அம்மணமாக ஓடின. செவ்வாயில் காற்று பேருக்குத்தான். சூட்டை வாங்கிக்கொண்டு போக ஆளில்லை. அதனால் குழாய்களைச் சுற்றி அனல்துணி கட்டவேண்டும். வெள்ளி நிறத் துணி, சூட்டைத் திருப்பி அடிக்கும். அது இல்லாவிட்டால் பிரேக் எண்ணெய் கொதித்துவிடும். மிதித்தால் கால் சேற்றில் இறங்குவதுபோல் இறங்கும்.

"துணி எங்கண்ணே?"

ஓட்டுநர் சவரிமுத்து சிரித்தார். "அது எஃப்.சி.க்குக் கட்டுறதும்மா. காமிச்சதும் அவுத்துடுவோம்."

பூமியை விட்டு வந்தாலும் எஃப்.சி. என்ற பேர் இவர்களை விடவில்லை. மறுநாள் தகுதிச் சோதனைத் திடலில் தமயந்தி அந்தக் கூத்தை நேரில் பார்த்தாள். வாசல் கடைக்காரர் வாடகைக்கு விடும் ஒரே துணி. எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தக் கந்தலை ஒரு வண்டியிலிருந்து சூடாக அவிழ்த்து அடுத்த வண்டிக்குக் கட்டினார்கள். மெய்யன் என்ற ஆய்வு இயந்திரம் பொய் சொல்லாது, கை நீட்டாது. ஒவ்வொரு வண்டியாகத் தேறியது.

"ஒரே துணின்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியும். துணி இருக்கிறதா என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. இருக்கிறது."

தூ என்று துப்பப் போனவள், தலையில் கவசம் இருப்பது நினைவுக்கு வந்து விழுங்கிக்கொண்டாள்.

புகார் எழுதிப்போட்டாள். அதிசயம், நடவடிக்கையும் எடுத்தார்கள்! கூட்டம் கூட்டிக் குடியிருப்புத் தலைவர் அறிவித்தார்: கடைக்காரரின் கொள்ளை இன்றோடு ஒழிந்தது, இனிச் சோதனைத் திடலே துணியை இலவசமாகக் கட்டிவிடும், வெளியே போகும்போது அவிழ்த்து வாங்கிக்கொள்ளும். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

பிறகு தமயந்தியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். வெள்ளியாக மின்னியது.

"பூமியிலேருந்து வண்டிங்களுக்குன்னு வந்த சரக்கும்மா. மரியாதை செய்ய இதவிட ஒசத்தியா இங்க என்ன இருக்கு?"

முன்வரிசையில் ஒரு தோள் பாக்கியில்லாமல் அனல்துணி பளபளத்தது. தமயந்திக்கு உடம்பெல்லாம் கூசியது. இறங்கி நேராகக் கொட்டகைக்குப் போனாள். பொன்னாடையைக் குழாய்களின்மேல் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

காலையில் நிறைமதியை வண்டியில் ஏற்றிவிட்டு, எதற்கும் ஒருமுறை குனிந்து பார்த்தாள். குழாய்கள் மறுபடி அம்மணமாக இருந்தன. மகளின் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள்.

"எங்கண்ணே துணி?"

சவரிமுத்து இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

"இவ்ளோ நல்ல துணியப் போயி சூட்டுல காட்டுவாங்களாம்மா? கருகிப்போயிடாது? அடுத்த எஃப்.சி.க்கு ஆகும்னு பத்திரமா வச்சிருக்கேன்."