தோஹாவில் ஒரு கார்டு, இனயத்தில் ஒரு ஜின்சி

அப்பாவின் வங்கிக் கார்டு முடங்கியதற்கு ஜின்சிதான் காரணம். அவளைக் கேட்டால், கையுறைதான் காரணம் என்பாள்.

கிறிஸ்துமஸ் வந்தால் இனயம் கடற்கரையில் தெருவுக்குத் தெரு கால்பந்துதான். ஜின்சியின் அப்பா மரியஜான்தான் அவர்கள் தெருவுக்கு கோல் கீப்பர். ஆனால் மூன்று வருடமாக அவருக்குத் தோஹாவில் வேலை.

"எப்ப வருவிய அப்பா?"

"பாப்போம் மக்கா."

அந்தப் 'பாப்போம்'களை அடுக்கினால் ஒரு கோல் கம்பமே கட்டிவிடலாம்.

புதுக் கையுறை வாங்கி வைத்தால் வராமல் எங்கே போவார்? அப்பா எழுதிக் கொடுத்திருந்த கார்டு எண்ணைத் தட்டி, ஜின்சி அம்மாவின் போனில் ஒரு ஜோடி வாங்கினாள்.

"அப்பாட்ட மூச்சு விடப்பிடாது, கேட்டியா?" என்றாள் அம்மா குளோரி. அவளுக்கும் சிரிப்பு.

சற்று நேரத்தில் அப்பா அழைத்தார். "லீவு கிடைச்சாச்சு! டிக்கெட் எடுக்க நிக்கேன். ஒரு சீட்டுதான் பாக்கி. கார்டு ஓடமாட்டேங்குது!"

அவர் வைத்ததும் அம்மாவின் போன் மறுபடி அடித்தது; ஜின்சி எடுத்தாள். வங்கியிலிருந்து ஒரு பெண்; அப்பா வங்கியில் கொடுத்திருந்தது அந்த எண்தான்.

"உங்கள் கார்டை ஒரே நேரத்தில் தோஹாவிலும் இனயத்திலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். யாரோ திருடன் என்று எங்கள் கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. இனயத்தில் வாங்கியது யார் என்று தெரியுமா?"

'தெரியாது' என்றால் ரகசியம் தப்பிக்கும். கார்டு தப்பிக்காது. அப்பாவின் சீட்டும்தான்.

"அக்கா, அந்தத் திருடன் நான்தான்."

மறுமுனையில் ஓர் இருமல். சிரிப்பை விழுங்கிய இருமல்.

"என்ன திருடினாய்?"

"கையுறை. அப்பாவுக்கு. அவரு கோல் கீப்பராக்கும்."

"சரி பாப்பா. அப்பாவே எங்களை அழைத்துச் சொன்னால் திறந்துவிடலாம்."

ஜின்சி அப்பாவை அழைத்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "போனை வை" என்றார்.

அம்மாவும் மகளும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் மீன்கறி அடிப்பிடித்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

போன் அடித்தது.

"அப்பா! எப்ப வருவிய?"

"இருபத்திரெண்டாந் தேதி காலையில, மக்கா. கையுறைய எடுத்து வை."